வலப்பக்கம் திரும்பிய சுவடு

அண்ணா,

போன வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். எதில் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது வேண்டாம். (சித்தி, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.)

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு யூட்டாவுக்குக் கிளம்பிவிட்டேன். நாம் போன அதே காப்பர் ரிட்ஜ், டைனோசர் சுவடுகள் பாறையில் பதிந்து கிடக்கிற இடம். மோவாப் ஊரிலிருந்து வடக்கே 191ஆம் நெடுஞ்சாலையில் 23 மைல், அப்புறம் தண்டவாளம், அதைத் தாண்டினால் மண் சாலை. ஏழு வருஷத்துக்கு முன்னால், வாடகை காரின் அடி தட்டும் என்று நீ தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாய். மீதி இரண்டு மைலையும் உச்சி வெயிலில் நடக்க வைத்தாய். பாதி வழியில் என் முகம் சிவந்ததைப் பார்த்து, உன் தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தாய். கடைசி அரை பாட்டில் தண்ணீரை எனக்கே கொடுத்துவிட்டு, தாகமில்லை என்று பொய் சொன்னாய்.

படம் எடுக்க நான் பாதையை விட்டு இறங்கியபோது போட்டாயே ஒரு சத்தம்! அந்தக் கறுத்த மண் பொருக்கு உயிருள்ளது, மிதித்தால் தேற எத்தனையோ வருஷமாகும் என்று. மண்ணுக்கு நோகக் கூடாது என்று அவ்வளவு பார்த்தவன் நீ.

அந்தப் பாறையில் நின்று நான் சொன்னேன், "என்னால அவரோட முடியல அண்ணா." நீ பதில் பேசவில்லை. குனிந்து அந்த மூவிரல் சுவடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். இரையைத் தின்னும் டைனோசர், அல்லோசாரஸ் வகையாக இருக்கலாம். ஒரு எட்டு நீளம், அடுத்த எட்டு குட்டை, மறுபடி நீளம். காலில் அடிபட்டிருக்கலாம் என்கிறார்கள். நீ விரலை நீட்டி, "நொண்டிக்கிட்டே நடந்திருக்கு பார். நிக்கல," என்றாய்.

அது எனக்குச் சொன்ன பதிலா, இல்லை, பேச்சை மாற்றினாயா? இத்தனை வருஷமாக அதைப் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டேன். நொண்டிக்கொண்டே நடந்தேன். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. வக்கீலும் வேண்டாம் என்றார்.

ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். "அண்ணாவுக்கு எல்லாம் தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தான்" என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். எல்லாம் உனக்குத் தெரியாது. நான் உன்னிடம் சொன்னது ஒரே ஒரு வரி. அம்மா உன்னிடம் பேசாமல் இருந்த அந்த ஆறு மாதத்துக்கு நான்தான் காரணம், மன்னித்துவிடு. ஆனால் ஒரு வரி போதாதா? என்னம்மா ஆச்சு என்று திருப்பிக் கேட்க எவ்வளவு நேரமாகும்? நீ கேட்டிருந்தால் அன்றே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டும் இருந்தேன், அதுவும் உண்மை.

இந்த முறை சாயங்காலம் போனேன். அன்று நாம் போனது தப்பான நேரம் அண்ணா. உச்சி வெயிலில் அந்தப் பாறை தட்டையாகத்தான் தெரியும். வெயில் சாயும்போதுதான் ஒவ்வொரு குழியிலும் நிழல் இறங்கி, சுவடு எழுந்து வருகிறது. 15 கோடி வருஷத்துக்கு முன்னால் அது ஆற்றோர ஈர மணல். பக்கத்திலேயே அலை போட்ட வரிகள்கூட அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. அன்று நாம் வெறும் பள்ளம் என்று தாண்டிப் போனோமே, அந்த நீள்கழுத்துப் பிராணியின் சுவடுகள், அவை இப்போது தெளிவாகத் தெரிந்தன. தெற்கே நடந்துகொண்டிருந்தது, திடீரென்று வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. இப்படித் திரும்பின தடம் கல்லில் கிடைப்பது அபூர்வமாம். எதற்காகத் திரும்பியது என்று சொல்ல யாரும் இல்லை.

அன்று இதை நீ எனக்குக் காட்டியிருக்கலாம். எனக்கே தெரியாததை நீ எப்படிக் காட்டுவாய், அதுவும் சரிதான்.

இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிளம்பும் முன் அந்த நொண்டிச் சுவட்டில் தேங்கிக் கிடந்த மணலை மெல்லத் தட்டிவிட்டேன், உன் தொப்பியால். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போதும் எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது, காதை மூடுகிறது.