நம் ஊர் வெயிலும் இன்ஜின் ஆயிலும்

திருநெல்வேலி

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட உன் மகன் தன் காரை உன் பொறுப்பில் விட்டுச் சென்றிருப்பதையும், தங்கைக்கு முழங்கால் வலி வந்தபின் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் போய்வர அந்தக் கார் பெரிய உதவியாக இருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே பேத்தி பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டாள். மற்ற எல்லாரும் சுகம்.

காரின் கையேட்டில் இன்ஜின் ஆயிலின் தரம் 0டபிள்யூ-20 என்று இருக்க, கும்பகோணத்தில் நீ நம்பிச் செல்லும் மெக்கானிக், நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் போன்ற அந்த ஆயில் தாங்காது, 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டும் என்று சொல்வதாக எழுதியிருக்கிறாய். கையேட்டையே பின்பற்று. அவர் மீண்டும் வற்புறுத்தினால் நீ தயங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்த இரண்டு எண்களில் பின்னால் வருவது, ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. அந்த வெப்பநிலையில் பாகுத்தன்மை, அதாவது அந்தக் கெட்டித்தன்மை, 6.9 சென்டிஸ்டோக்ஸுக்கு (அதை அளக்கும் அலகு) குறையாமலும் 9.3-ஐ எட்டாமலும் இருந்தால் அது 20, 16.3-க்கும் 21.9-க்கும் இடையில் இருந்தால் அது 50. வெளியே மார்கழிப் பனியோ சித்திரை வெயிலோ எதுவானாலும், காரின் தெர்மோஸ்டாட்டும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ரேடியேட்டரும் சேர்ந்து, ஓடிச் சூடேறிய இன்ஜினை ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கின்றன. ஆகவே நம் வெயில் அந்தப் பின் எண்ணைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் இடைவெளியும் ஆயில் பம்பின் அளவும், ஆயில் அழுத்தத்தைக் கொண்டே வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் நுட்பமான பாகங்களும்தான். இவை எல்லாம் எந்த ஆயிலை நினைத்து வடிவமைக்கப்பட்டனவோ, அதில் ஏறத்தாழ இரு மடங்கு கெட்டியானதை ஊற்றினால், குறுகலான துளைகளுக்குள் அது உரிய நேரத்தில் போய்ச் சேராது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் வரும் எண் குளிர்காலத்துக்கு உரியது. 0டபிள்யூ ஆயிலை −35 டிகிரியில் சோதிக்கிறார்கள். அந்தக் குளிர் காவிரிக் கரைக்கு ஏது என்று நீ கேட்கலாம். ஆனால் நமக்குக் கொளுத்துகிற 40 டிகிரியும் ஆயிலுக்குக் குளிர்ச்சிதான். 40 டிகிரியில் 0டபிள்யூ-20 ஆயிலின் பாகுத்தன்மை பொதுவாக 45 சென்டிஸ்டோக்ஸை ஒட்டியிருக்கும். 20டபிள்யூ-50 ஆயிலுக்கோ அது 150-ஐத் தாண்டிவிடும். இரவெல்லாம் நின்ற காரை விடியற்காலையில் கிளப்பும்போது, ஆயில் மேலேறி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை அடையும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும் ஆபத்து இருக்கிறது. தேய்மானத்தில் பெரும்பங்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும் அந்த வேளையில்தான் நேர்கிறது. உன் காரைப் போல அடிக்கடி நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு இது மிகவும் முக்கியம்.

உன் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்து இன்ஜின்களின் இடைவெளிகளுக்குக் கெட்டியான ஆயிலே பொருத்தமாக இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறார். எரிபொருளைச் சேமிப்பதற்காகவும்தான் தயாரிப்பாளர்கள் நீர்த்த ஆயிலுக்கு மாறினார்கள் என்று அவர் சொன்னால் அதுவும் உண்மையே. சில கையேடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதிக்கின்றன. கார் வயதாகி ஆயிலைக் குடிக்கத் தொடங்கினால், அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் சற்றுக் கெட்டியான தரத்துக்கு மாறுவதில் தவறில்லை. பட்டியலைத் தாண்டிப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தர எழுத்துகளையும் பார். பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். 2010-இல் எஸ்என், 2020-இல் எஸ்பி வந்தன. கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயின் தேய்வதை ஆயில் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை எஸ்பி தரத்தில்தான் சேர்ந்தது. கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம். பழைய எஸ்எல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. தரமும் எழுத்தும் சரியாக இருந்தால் எந்த நிறுவனத்தின் ஆயில் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். போலி ஆயில் சந்தையில் உலவுவதால், ரசீது தரும் கடையில் வாங்கி, உன் கண் முன்னால் சீல் உடைத்து ஊற்றச் சொல்.

இனி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது, என்று இருப்பதாகவும், கார் அதிகம் ஓடாததால் இரண்டு ஆண்டுகள் விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். விடக் கூடாது. குறைவாக ஓடும் கார்தான் ஆயிலை அதிகம் கெடுக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்குகிறது. நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். மகாமகக் குளத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் போய்வந்தால், ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறாய். ஈரம் உள்ளேயே தங்கி, அமிலத்தை முறிப்பதற்காகச் சேர்த்திருக்கும் பொருள்களைத் தின்றுவிடுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருக்கிறதா என்று பார். இருந்தால், மாதத்தில் ஓரிரு முறை தங்கையோடு தஞ்சாவூர்வரை போய்வா. படிவு தொடர்ந்து சேர்ந்தாலோ, ரேடியேட்டர் நீர் குறைந்தாலோ தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டு. உனக்கு ஆறு மாதம் சற்று மிகை, ஓர் ஆண்டு கட்டாயம் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடு. ஆயில் கறுத்துவிட்டதே என்று மட்டும் பதறாதே. கரித்துகளைத் தன்னுள் ஏந்திக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. அளவு குறைவதும் பெட்ரோல் வாடை அடிப்பதும்தான் கவலைக்குரியவை.

காரில் ஊற்றியது போக மீந்ததை உன் பைக்குக்கு ஊற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது என்பதே. பைக்கில் கிளட்ச் தட்டுகளும் கியர்களும் இன்ஜினோடு அதே ஆயிலில் நனைந்து ஓடுகின்றன. உராய்வைக் குறைப்பதற்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் பொருள்கள் அந்தத் தட்டுகளை வழுக்கச் செய்யும். இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ என்ற தரத்தை வகுத்தார்கள். பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டருக்கு எம்பி. காற்றில் குளிரும் பைக் இன்ஜினுக்கு மட்டும் வெளி வெயில் உண்மையிலேயே உறைக்கும் என்பதால், அங்கே உன் மெக்கானிக் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கியர் பற்களில் நசுங்கி ஆயில் சீக்கிரம் நீர்த்துப்போவதால், பைக்குக்கு மாற்றும் இடைவெளியும் காரைவிடக் குறைவு.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் விட உன் மெக்கானிக்கின் பட்டறையில் யாரையும் அனுமதிக்காதே. அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். உன் பைக் எந்த ஆண்டு வாங்கியது, அதன் கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. இடைவெளியைப் பார்த்துச் சொல்கிறேன். தங்கைக்கு என் விசாரிப்புகளைச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்