பெரிய சகலைக்கு, தகடு விஷயமாக

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். வண்டிப் பேச்சை நேரில் எடுத்தால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. மாமியார் வந்து "இலை போட்டாச்சு" என்று சொல்லும்வரை ஓய்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இன்னொரு வசதியும் உண்டு: நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

உங்கள் எஸ்யூவி நல்ல வண்டி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. உயரமான சீட், நீண்ட தூரம் போனாலும் இடுப்பைப் பதம் பார்க்காத சஸ்பென்ஷன், நம் ஊர் வேகத்தடையில் அடி தட்டாத உயரம், எல்லாம் சரி. லோன் போட்டு, அண்ணியைச் சம்மதிக்க வைத்து, நம்பருக்குக் கூட்டுத்தொகை பார்த்து வாங்கிய வண்டி. பெருமை இருக்கத்தான் செய்யும். கம்பெனி பெயரை மட்டும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நம் சண்டையைத் தொடர்வார்கள்.

என் சங்கடமெல்லாம், பெருமைக்கு நீங்கள் சொல்கிற காரணங்களில்தான்.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் மண்டபத்து பார்க்கிங்கில் ஒரு சடங்கு நடக்கிறது. முதலில் உங்கள் கதவைச் சாத்திக் காட்டுவீர்கள். 'தொப்'. அடுத்து என் கதவு. 'டங்'. அப்புறம் என் பானெட்டைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "தகடா இது? அப்பளம்!" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஆனால் நீங்கள் அழுத்திப் பார்ப்பது வெளித்தோலை. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விலை ஏறினாலும் அது பெரிதாகத் தடிமன் ஆவதில்லை. பானெட்டும் ஃபெண்டரும் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பாகங்கள். மோதும்போது ஆளைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் கூண்டு. முன்கண்ணாடியின் இரு பக்கமும் ஏறும் ஏ பில்லர் என்ற தூண், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கும் பி பில்லர், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சட்டம், கூரையின் ஓரங்கள். இங்கேதான் வலிமை கூடிய எஃகைப் போடுகிறார்கள். சில இடங்களில், சூடாக்கி அச்சில் அழுத்தி அப்படியே குளிரவைத்த எஃகு. கட்டைவிரலுக்கு இதில் எதுவும் எட்டாது. அந்த 'தொப்' சத்தம் பூட்டின் அமைப்பாலும், கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்காலும், உள்ளே ஒட்டியிருக்கும் அதிர்வு அடக்கும் ஷீட்டாலும் வருகிறது. அதைக் கேட்டு மயங்குகிறவர்கள் உண்டு என்று தெரிந்துதான், சத்தத்தைச் சரிசெய்யவே கம்பெனிகள் தனியாக ஆள் வைத்திருக்கின்றன.

"இடிச்சா நசுங்கக் கூடாது, அதுதான் வண்டி. அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி" என்பது உங்கள் அடுத்த வாதம். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மெர்சிடிஸில் பேலா பாரெனி என்று ஒரு பொறியாளர். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கவேண்டும், ஆள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் நசுங்கக் கூடாது என்று 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கியவர். முன்பக்கம் நசுங்க நசுங்க மோதலின் ஆற்றல் அதில் செலவாகிறது, வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. நசுங்காத வண்டியில் அந்த அடி நேராக உள்ளே இருக்கிறவர் மேல் வந்து இறங்கும். 1959இல் வந்த மெர்சிடிஸ் காரில் இந்த ஏற்பாடு இருந்தது.

அதே 1959இல் அமெரிக்காவில் வந்தது ஷெவர்லே பெல் ஏர். பார்த்தால் நீங்கள் கும்பிடுவீர்கள். கப்பல் நீளம், குரோம் பம்பர். 2009இல், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வமைப்பான ஐஐஎச்எஸ், தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி இந்தப் பெல் ஏரையும் அதே கம்பெனியின் 2009 மாடல் மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெல் ஏரின் ஏ பில்லர் மடிந்து உள்ளே வருகிறது, முன்கண்ணாடி கழன்று பறக்கிறது, கூரை வளைகிறது, ஓட்டுநர் இருக்கையில் வைத்த பொம்மைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் இடமே இல்லை. மாலிபுவின் முன்பக்கம் அடையாளம் தெரியாமல் நசுங்கிவிட்டது. ஆனால் ஓட்டுநரின் இடம் அப்படியே நிற்கிறது. நிஜ மனிதராக இருந்தால் பெல் ஏர்க்காரர் பிழைத்திருக்க மாட்டார், மாலிபுக்காரருக்குக் காலில் சின்ன அடி மட்டும் பட்டிருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் எது ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, மோதல் சோதனையில் கொடுக்கிற ஸ்டாருக்கு வருகிறேன். "நம்மது அஞ்சு ஸ்டார், உன்னது பூஜ்யம்" என்று சம்பந்தி வீட்டார் முன்னிலையில் சொன்னீர்கள். என் வண்டி சோதனைக்கே போகாத வண்டி, அண்ணே. சோதனை செய்யாததும் பூஜ்யம் வாங்கியதும் ஒன்றில்லை. அதற்காக அது நல்ல வண்டி என்று நிரூபணமாகிவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம் வந்துவிட்டது. அதற்கு வண்டியை அனுப்புவதா வேண்டாமா என்பது கம்பெனியின் விருப்பம்.

இந்த ஸ்டார் கதை இங்கே தொடங்கியது 2014 ஜனவரியில். குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தையும் மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் ஐந்துமே பூஜ்யம். ஏர்பேக் வைத்த போலோ மட்டும் 4 ஸ்டார். 2018 டிசம்பரில் நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது. இங்கே தயாராகி இங்கே விற்ற கார்களில் அதுவே முதல். அன்றிலிருந்துதான் கல்யாண வீடுகளில் இந்தச் சண்டை சூடு பிடித்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலச் சோதனையில் முக்கியமானது முன்பக்க மோதல்: மணிக்கு 64 கிலோமீட்டர், முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி. 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதியை இறுக்கியது. பக்கவாட்டு மோதல், கம்பத்தில் பக்கவாட்டாக மோதுவது, ஈஎஸ்சி (வண்டி வழுக்கித் திரும்பாமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு), பாதசாரிக்கு என்ன ஆகும் என்பது எல்லாம் சேர்ந்தன. ஆகவே 2019இன் 5 ஸ்டாரும் 2023இன் 5 ஸ்டாரும் வேறு வேறு பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்கள்.

நாட்டுக்கு நாடும் மாறும். ஸ்கார்பியோ-என் 2022இல் குளோபல் என்கேப்பில் 5 ஸ்டார். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் ஏஎன்கேப் அதற்குக் கொடுத்தது பூஜ்யம். தானாக பிரேக் போடுவது போன்ற ஏற்பாடுகளுக்கும் அங்கே மதிப்பெண் உண்டு, அவை அன்று அந்த வண்டியில் இல்லை. கம்பெனி பெயரை வைத்தும் முடிவு கட்ட முடியாது. "மாருதின்னா டப்பா" என்று ஒரே வார்த்தையில் முடிப்பீர்களே, 2023இல் வேகன் ஆர் வாங்கியது 1 ஸ்டார். 2024 நவம்பரில் புதிய டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார். இரண்டும் ஒரே கம்பெனி.

எடை விஷயத்தில் மட்டும் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கச் சோதனையில் கார் மோதுவது அசையாத தடுப்பில். ஏறக்குறைய தன் எடையுள்ள இன்னொரு கார் எதிரே வந்து மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் அது காட்டும். அதனால் 5 ஸ்டார் வாங்கிய சின்ன காரும் 4 ஸ்டார் வாங்கிய கனமான எஸ்யூவியும் நேருக்கு நேர் மோதினால் சின்ன கார்க்காரர் நிம்மதியாக இருக்க முடியாது. நம் இரண்டு வண்டியும் மோதினால் என் பாடு திண்டாட்டம்தான். ஆனால் நம் நெடுஞ்சாலையில் உங்களுக்கு எதிரே வருவது என் ஹேட்ச்பேக் மட்டுமா? ஜல்லி லோடு ஏற்றிய டிப்பருக்கு முன்னால் நீங்களும் நானும் ஒரே சாதி.

சின்ன சகலையையும் இந்தக் கடிதத்தில் விடக்கூடாது. "டொயோட்டான்னா டொயோட்டாதான்" என்று கிளான்ஸாவைத் தடவிக்கொண்டே சொல்வார். 2019இல் வந்த கிளான்ஸா, மாருதி சுசுகியின் பலேனோதான். சுசுகி தரப்பில் தயாராகி, டொயோட்டா முத்திரை குத்தி வருவது. 2022இல் மாருதியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் வந்தபோது கதை தலைகீழ்: இரண்டுமே பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் டொயோட்டா தொழிற்சாலையில் தயாராயின. ரெனோவின் டஸ்டரும் நிஸானின் டெரானோவும் சென்னைக்குப் பக்கத்தில் இதே ஒரகடத்தில் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. மாமனாருக்கு ஞாபகம் இருக்கும், அவர் காலத்தில் ஸ்விஃப்ட் டீசலா, இண்டிகா விஸ்டாவா, புண்டோவா, எந்த இன்ஜின் உசத்தி என்று டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். மூன்றின் பானெட்டுக்குள்ளும் இருந்தது ஃபியட்டின் அதே 1.3 லிட்டர் மல்டிஜெட். பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இனி எழுதுவதை அப்படி விட எனக்கு மனமில்லை.

போன மாதம் உங்கள் வண்டியில் ஏறியபோது டிரைவர் சீட் பக்கிளுக்குள் ஒரு கிளிப் செருகியிருந்ததைப் பார்த்தேன். பெல்ட் போடாவிட்டாலும் அலாரம் அடிக்காமல் இருக்க. இந்தக் கிளிப்பை பாட்டில் ஓப்பனர் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் பெயர் மாற்றி விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களை அதை நிறுத்தச் சொல்லியது. நீங்கள் காட்டுகிற அந்த 5 ஸ்டார், பெல்ட் போட்ட பொம்மை வாங்கிக் கொடுத்தது அண்ணே. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாக வருவதே தவிர, அதற்குப் பதிலாக வருவதில்லை. பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடம்பும், கண் சிமிட்டும் நேரத்தைவிட வேகமாக வெடித்து வரும் பையும் நடுவழியில் சந்தித்தால் பையே அடிக்கும்.

சின்னவளை அண்ணி மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரவைக்கிறீர்கள். ஏர்பேக் வெடித்தால் அதற்கும் அண்ணிக்கும் நடுவில் இருப்பது குழந்தை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. திடீர் பிரேக்குக்கே கை நழுவும், மோதலில் எந்தக் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. சன்ரூஃபில் அவளை நிற்கவைத்து எடுத்த வீடியோவுக்கு நான் லைக் போடாததன் காரணமும் அதுதான்.

அப்புறம் அந்த முன்பக்க பம்பர் கார்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நசுங்குவதற்கென்று வைத்த இடத்தின் முன்னால் நீங்கள் ஒரு இரும்புக் குழாயை நேராக வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கிறீர்கள். ஏர்பேக் சென்சாரின் கணக்கும் அதனால் குழம்பலாம். குறுக்கே வருகிற சைக்கிள்காரருக்கு என்ன ஆகும் என்பது தனி. தடிமனான லெதர் சீட் கவரும் அப்படித்தான்: உங்கள் வண்டியில் சைடு ஏர்பேக் சீட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரவேண்டியது, அதன்மேல் ரெட்டைத் தையல் போட்டு மூடியிருக்கிறது.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்துபோனார். விலை உயர்ந்த ஜெர்மன் கார், பாலத்தின் சுவரில் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

வரும் ஆடியில் குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் உங்கள் வண்டியில் போவதாக வீட்டில் பேசியிருக்கிறார்கள். எனக்கும் சம்மதம். பின்சீட்டு பெல்ட்டின் பக்கிள்கள் மூன்றும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன, முந்தின நாளே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சின்னவளுக்கு சைல்டு சீட் என் செலவு. அந்த சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உங்கள் வண்டியில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். டீசலில் பாதி என் கணக்கு. ஆனால் கிளம்பும்போது டேங்க்கை முழுக்க நிரப்பி, திரும்பி வந்து அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பி மைலேஜ் பார்ப்போம். டோல்கேட்டைத் தாண்டியதும் ரீசெட் பண்ணி, ஏசியை அணைத்துவிட்டு, டாஷ்போர்டில் காட்டுகிறதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் நடு சகலை