ஞாயிறு வேதபாடம்: கள்ளத் தீர்க்கதரிசிகள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

போன வாரம் ஒரு குரல் பதிவு நம் குழுவில் சுற்றியது: 21 நாளில் கடன் தீருமாம், காணிக்கையை ஓர் எண்ணுக்கு அனுப்ப வேண்டுமாம். நம் அம்மா ஒருவர் வளையலை அடகு வைத்து அனுப்பிவிட்டார். மனசு ஆறவில்லை. அதனால் இந்த வாரப் பாடத்தை மாற்றியிருக்கிறோம்.

ஞாயிறு மாலை 5 மணி, ஆலயத்தின் பின்புற ஹால்.

1. எரேமியா 28ஐ வாசித்துவிட்டு வாருங்கள். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை, அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி எல்லார் முன்பாகவும் எடுத்து உடைக்கிறான். 2 வருஷத்தில் பாபிலோன் ராஜாவின் பிடி விட்டுப்போகும் என்கிறான். ஜனங்கள் கேட்க ஏங்கியதும் அதுதான். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான். அப்புறம் எருசலேமே பாபிலோனிடம் விழுந்தது.
2. உபாகமம் 18:22, மத்தேயு 7:15-20 பகுதிகளையும் பாருங்கள்.
3. பணம் கேட்கும் பதிவுகளை இங்கே பகிர வேண்டாம். முதலில் போதகருக்கு அனுப்புங்கள்.
4. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டோம். வங்கியிலும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணிலும் புகார் செய்யக் கூட இருப்போம்.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.