நாரைக்கும் அதே நோய்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கனடா போனதிலிருந்து பாசுரம் பக்கமே போகப் பிடிக்கவில்லை, எல்லாம் ஒரே பிரிவும் அழுகையுமாக இருக்கிறது, சாமி பாட்டு என்றால் மனசுக்குத் தெம்பு தர வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கென்னவோ அந்த அழுகையில்தான் தெம்பே இருக்கிறது.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் முதல் பத்தின் நான்காம் திருமொழியை எடுத்துப் பார். ஆழ்வார் பராங்குச நாயகியாகி, அதாவது பெருமாளைப் பிரிந்து ஏங்கும் காதலியாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, 'அஞ்சிறைய மடநாராய்' என்று ஒரு நாரையைக் கூப்பிட்டுப் பெருமாளிடம் தூது போகச் சொல்கிறார். சரி, அது தூது. அடுத்த பத்து தொடங்கும்போது மறுபடி ஒரு நாரை வருகிறது. அவன் இன்னும் வந்தபாடில்லை. ஆனால் இந்த முறை அவள் அதை எங்கேயும் போகச் சொல்லவில்லை. தாயும் தேவலோகமும் தூங்கினாலும் நீ தூங்கவில்லையே, உடம்பெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கிறாயே, 'எம்மே போல் நீயும் திருமாலால் நெஞ்சம் கோட்பட்டாயே' என்று கேட்கிறாள்! நாரை வெள்ளையாக இருப்பது அவளுக்குப் பசலையாக, பிரிவில் உடம்பு வெளிறிப்போவதாகத் தெரிகிறது. அப்புறம் அன்றில் பறவை, ஓயாத கடல், அலைகிற காற்று, தேய்கிற நிலா, கடைசியில் எரிகிற விளக்கு வரைக்கும் ஒவ்வொன்றிடமும் போய், உனக்கும் என் நோய்தானா என்று விசாரிக்கிறாள். தன் துக்கம் தலைக்கு மேலே இருக்கும்போது விளக்கைப் பார்த்து 'நீயும் அளியத்தாய்' என்று இரங்க யாருக்கு வரும், சொல்லு.

இங்கே கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் காலையில் நடக்கும்போது வெள்ளைக் கொக்குகளைப் பார்ப்பேன். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் போனாலும் திரும்பாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கும். மீனுக்குத்தான் நிற்கிறது, தெரியும். ஆனாலும் இந்தப் பாசுரத்தைப் படித்த பிறகு அதைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

நம் சேலம் சுகவனேஸ்வரர் கோயிலில் சுகர் கிளியாக வந்து பூஜை செய்தார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம் இல்லையா, அங்கே போனால் சம்பந்தர் தேவாரத்தில் வரும் கிளி ஞாபகம் வந்துவிடும். அங்கேயும் சிவனைப் பிரிந்து ஏங்கும் ஒரு பெண்தான் பேசுகிறாள். 'சிறையாரும் மடக்கிளியே இங்கே வா' என்று கூப்பிட்டு, தேனும் பாலும் தருகிறேன், தோணிபுரத்து ஈசன் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லேன் என்று கெஞ்சுகிறாள். அவனை அழைத்து வா என்றுகூடக் கேட்கவில்லை, பெயர் காதில் விழுந்தால் போதுமாம்.

உனக்கென்று ஒன்று சொல்கிறேன். திருவாய்மொழியில் ஏழு பதிகங்கள் தாய் பேசுவதாகவே வருகின்றன. அதில் 'கங்குலும் பகலும்' படி. ராத்திரி பகல் தூங்காமல், வழிகிற கண்ணீரைக் கையால் இறைக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அந்த அம்மா மகளைத் திட்டவில்லை, தன் தலைவிதி என்று உட்காரவும் இல்லை. நேராகத் திருவரங்கத்தானிடம் போய், இவள் விஷயத்தில் நீ என்னதான் செய்யப்போகிறாய் என்று மடக்கிக் கேட்கிறாள். பாட்டுக்குப் பாட்டு விடாமல் கேட்கிறாள். மகளை நினைத்து ராத்திரி விழித்துக் கிடக்கிறேன் என்று எழுதினாயே, உனக்கும் கேட்க உரிமை இருக்கிறது வசந்தா. கேள்.

புத்தகம் கைவசம் இல்லையென்றால் சொல், பதிகம் முழுவதையும் கையால் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை.

உன்,
மீனா