தறிக்கு அனுப்பும் முன்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஓவியத்தின் படமும், அதை டேப்பஸ்ட்ரியாக, அதாவது சுவரில் மாட்டும் நெய்த படமாக, நெய்துதர ஒரு நெசவுக்கூடம் ஒப்புக்கொண்ட செய்தியும் வந்து சேர்ந்தன. இரண்டு நாட்களாகப் படத்தை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முப்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவளுக்கு எந்தப் படமும் பாவும் ஊடையுமாகத்தான், நெடுக்கிழையும் குறுக்கிழையுமாகத்தான், கண்ணில் விழுகிறது. அப்படி விழுந்ததை, நீ அதை அனுப்பும் முன்பே சொல்லிவிட நினைக்கிறேன்.

இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு இழுத்திருக்கிறாய். தூரிகைக்கு அது ஒரு மூச்சு. தறியில் அப்படி இல்லை. டேப்பஸ்ட்ரியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறமும் தனக்குரிய இடத்துக்குள் மட்டும் போய்வந்து, பாவு துளியும் தெரியாதபடி மூடிக்கொண்டு வரும். பாவின் போக்கிலேயே இரண்டு நிறங்கள் நெடுக ஒட்டி நின்றால் நடுவில் பிளவு விழும். பிறகு அதை ஊசியால் தைக்க வேண்டும்; அல்லது வரிக்கு வரி இரண்டு இழைகளையும் கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும், அப்போது விளிம்பு சற்றுப் பல் பல்லாகத் தெரியும். படத்தைப் பக்கவாட்டில் திருப்பித் தறியில் ஏற்றினால் உன் கோடு நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். ஆனால் நீ அவ்வளவு ஆசையாக வரைந்திருக்கும் அடிவானம் பிளவாகிவிடும். இரண்டில் எதைக் காப்பது என்பதை நீயும் நெய்பவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவுசெய்ய முடியும்.

அந்தக் கறுப்பை ஒட்டிக் கருநீலம் வைத்திருக்கிறாய், அதையும் கவனி. 1824-இல் பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். காகிதத்தில் அழுத்தமாக நிற்கும் உன் கறுப்பு கம்பளி இழையில் என்னவாகும் என்று நெய்து பார்த்தால்தான் தெரியும்.

வலப்பக்கத்து மூடுபனிதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. வண்ணத்தை நீர்விட்டுக் கரைத்துவிட்டாய். இழையைக் கரைக்க முடியாது. சாம்பலிலிருந்து வெள்ளைக்குப் போக, ஒன்றின் நுனிகளை மற்றொன்றுக்குள் சீப்புப் பற்களைப்போல நீட்டி நெய்வோம். அல்லது நாலு மெல்லிய இழைகளைச் சேர்த்துக் கண்டில், ஊடை இழை சுற்றும் குழலில், சுற்றும்போதே மூன்று சாம்பலுக்கு ஒரு வெள்ளை, அடுத்ததில் இரண்டுக்கு இரண்டு என்று மாற்றிக்கொண்டு போவோம். கிட்டே நின்றால் வெறும் கோடுகள். பத்தடி தள்ளி நின்றால் பனி. ஒவ்வொரு பல்லும் எத்தனை விரல் நீள வேண்டும் என்பதை உன் வரைபடம் சொல்லாது, நெய்கிற கை சொல்லும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியர் எங்களிடம் படம் கொடுத்துவிட்டுப் போனவர், மூன்று மாதம் கழித்து வந்து, தூரிகைத் தடம் அப்படியே வரவில்லை என்றார். மூன்று வாரம் நெய்ததைப் பிரித்தோம். நுணுக்கமான வேலையில் ஒருவர் மாதம் முழுதும் உழைத்தாலும் ஒரு சதுர மீட்டர்கூட நகராது என்பதை நினைத்துப் பார். பிரித்து நெய்தபின் வந்ததும் ஓவியத்தின் மங்கலான நகலாகவே இருந்தது. அதில் எங்கள் கை எங்கும் இல்லை. 1939-இல் பிரான்சின் நெசவு நகரமான ஓபுசோனுக்கு வந்த ஓவியர் ழான் லூர்சா, ஓவியத்தை நகலெடுக்கும் அந்தப் பழக்கத்தை விட்டு, தடித்த இழைக்கும் குறைந்த நிறங்களுக்கும் என்றே வரைந்தார். அவருக்கு நெசவாளர்கள் கடன்பட்டிருக்கிறோம். என்றாலும், ஒவ்வொரு பகுதிக்கும் நிற எண் எழுதிக் கொடுக்கும் அவருடைய முறையை நான் முழுதாக ஏற்றதில்லை. எண் போட்டுவிட்டால் நெய்பவர் யோசிக்க என்ன மிச்சம்?

1955-இல் பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தை டேப்பஸ்ட்ரியாக நெய்தவர் ஜாக்குலின் த லா போம் துர்பாக். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமான ஓவியம் அவர் தறியில் பழுப்புச் சாயல்களை ஏற்றுக்கொண்டது. 1985 முதல் அது நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்பு அவை வாசலில் தொங்கியதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் துர்பாக்கின் பெயரைச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. இது எனக்குத் தீராத வருத்தம். இத்தனைக்கும் 1528-லேயே பிரஸ்ஸல்ஸ் நகரம், பெரிய டேப்பஸ்ட்ரிகளில் நகரின் முத்திரையோடு நெசவுக்கூடத்தின் முத்திரையும் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது.

ஆகையால் படத்தை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதே. முதல் வாரம் முழுதும் தறியருகே இரு. பனியிலிருந்து ஒரு சாண், கறுப்பும் நீலமும் சேரும் இடத்திலிருந்து ஒரு சாண் மாதிரி நெய்யச் சொல். சுவரில் மாட்டி எதிர்ச்சுவரிலிருந்து இருவரும் பாருங்கள். நெய்யப்போகிறவர்களின் பெயர்களை இப்போதே கேட்டு எழுதிக்கொள். உன் பெயர் வரும் மூலையில் அவர்கள் பெயர்களுக்கும் இடம் விட்டு வரைபடத்தைத் திருத்தி எனக்கு அனுப்பு. கறுப்புக் கோட்டை என்ன செய்தாய் என்று பார்க்கக் காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா