அப்பப்பான்ர கடிதங்களைக் காப்பாத்தித் தந்த ஆக்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இதை எழுத வேணும் எழுத வேணும் எண்டு ஆறு மாசமா நினைச்சுக்கொண்டே திரிஞ்சனான், நேற்று பெரிய மாமி "என்னடா, அந்தச் சனத்துக்கு ஒரு நன்றிகூடச் சொல்லேல்லையோ" எண்டு ஏசின பிறகுதான் போனைக் கையில எடுத்தனான். எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

விசயம் தெரியாத ஆக்களுக்கு, எங்கட அப்பப்பா ரெண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டிஷ் ஆமியில லொறி ஓடினவர். துவக்கு வேலை இல்லை, சாமான் ஏத்தி இறக்கிற ஆமி சேர்விஸ் கோர். இலங்கையில இருந்து அப்ப கனபேர் அப்பிடி எகிப்து, லிபியாப் பக்கம் போய் எட்டாவது ஆமிக்குப் பின்னால பெற்றோலும் தண்ணியும் சாப்பாடும் கொண்டு திரிஞ்சவை. எங்கட சனத்துக்கு இது பெருசாத் தெரியாது, யுத்தம் எண்டா எங்களுக்கு வேற யுத்தம்தானே ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தில, தெல்லிப்பழையில இருந்த அப்பம்மாவுக்கு 1941 கடைசியில இருந்து 1944 வரைக்கும் அவர் எழுதினதில 31 கடிதம் மிச்சம் இருக்கு. எங்க இருந்து எழுதுறார் எண்டு ஒண்டிலயும் இருக்காது, ஒரு நம்பரும் எம்.இ.எஃப். எண்டும்தான், அதாவது மிடில் ஈஸ்ற் போர்ஸ்.

முதல் நன்றி அப்பம்மாவுக்கே சொல்ல வேணும், மனுசி இப்ப இல்லை. 1990ல தெல்லிப்பழையை விட்டு ஓடேக்க எல்லாரும் நகையையும் காணி உறுதியையும் எடுக்க, அவ பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவ. பிறகு கொக்குவில். பிறகு 95 ஒக்ரோபர் 30, ஆமி வருகுது எண்டு யாழ்ப்பாணத்துச் சனம் ஒரேயடியா வெளிக்கிட்ட இரவு, அதைப் பற்றி இஞ்ச ஆருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தில சனம் அசையாமல் நிக்க மழை கொட்டு கொட்டெண்டு கொட்டினது, சைக்கிள் கரியரில கட்டின தகரத்துக்குள்ள தண்ணி போட்டுது.

அதால அடுத்த நன்றி கைதடி அம்மாவுக்கு. எங்களை முன்னப்பின்னத் தெரியாது, வீட்டில ஏற்கெனவே நாலு குடும்பம். அப்பம்மா தகரத்தைத் திறந்துபோட்டு ஒண்டும் கதைக்காமல் இருந்தா. அப்பப்பா காப்பிப் பென்சிலாலதான் எழுதுறவர், அது காய்ஞ்சிருக்கேக்க சாம்பல் நிறம், தண்ணி பட்டா ஊதாவாக் கரையும், கடிதம் எல்லாம் நாவல்பழம் நசிச்ச மாதிரி இருந்தது. கைதடி அம்மா ஒரு கேள்வியும் கேக்கேல்லை, குசினிக்குள்ள ரெண்டு சுளகை வைச்சு, ஈரத் தாள் ஒவ்வொண்டா உரிச்சு, அடுப்புச் சூடு படுற தூரத்தில பரப்பி, மூலைக்கு மூலை பாக்கு வைச்சவ பறக்காமல் இருக்க. ரெண்டு நாள் அப்பிடியே. அவ்வளவு சனத்துக்கும் அந்தக் குசினியிலதான் சமையல், சுளகில கை படாமல்தான் எல்லாரும் புழங்கினவை. இண்டைக்கும் சில தாளில வட்டமாப் பாக்குக் கறை இருக்கு.

இடையில ஒரு இடத்தில நல்லது செய்யிறம் எண்டு ஒரு கடிதத்தை லமினேற் பண்ணித் தந்தவங்கள், ஆர் எண்டு சொல்லேல்லை. சூட்டில பென்சில் எழுத்து இன்னும் மங்கிப்போச்சு, இனி அதை உரிக்கவும் ஏலாது. உங்கட வீட்டிலயும் பழைய கடிதம் இருந்தா தயவுசெய்து லமினேற் பண்ணாதேங்கோ, செலோரேப்பும் ஒட்டாதேங்கோ, வெயிலிலயும் காயவிடாதேங்கோ.

இனி மாஸ்ரர். பேர் போடக்கூடாது எண்டு கண்டிப்பாச் சொல்லிப்போட்டார், ஆனா எங்கட ஒழுங்கையில எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தக் கையெழுத்து விளங்கேல்லை, லை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை வைச்ச பழைய எழுத்து, அதுக்கு மேல ஊதாக் கறை. மாஸ்ரர் எட்டு மாசம் பின்னேரத்தில வந்திருந்து 31ஐயும் வாசிச்சுச் சொல்ல நான் கொப்பியில எழுதினனான், ஒரு சதம் வாங்கேல்லை, பிளேன்ரீ மட்டும்தான், அதுவும் சீனி இல்லாமல்.

அதில யுத்தம் எங்க இருக்கு எண்டு தேடித்தான் பிடிக்க வேணும். எல்லாம் புகையிலைக்கு ஆர் தண்ணி இறைக்கிறது, துலாவுக்குக் கயிறு மாத்தியாச்சோ, மாடு கண்டு போட்டுதோ, பர்மா அரிசி இல்லாமல் என்ன சாப்பிடுறியள், இதுதான். 42 ஏப்ரலில யப்பான்காரன் கொழும்பிலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டது அங்க தெரியவந்து, வளவில குழி வெட்டிப்போட்டு பிளேன் சத்தம் கேட்டா அதுக்குள்ள இரு எண்டு எழுதியிருக்கிறார். அப்பம்மா அப்ப வெட்டேல்லை. பிறகு 90ல நாங்கள் பங்கர் வெட்டேக்க, "அவர் 42ல சொன்ன குழியை இப்பதான் வெட்டுறியள்" எண்டவ, எங்களுக்கு அப்ப அது விளங்கேல்லை. லிபியாவில பிரிட்டிஷ்காரன் வைச்சிருந்த ரொப்ருக் துறைமுகம் ஜேர்மன்காரனிட்ட விழுந்தது 1942 யூன் 21. அந்த யூனும் யூலையும் ஒரு கடிதமும் இல்லை. ஆவணியில வந்ததில தான் சுகம், சப்பாத்து துலைஞ்சுபோச்சு எண்டு ஒரு வரி, பிறகு முழுக்கக் கடன் கணக்கு.

ஓட்டைக் கடிதத்தின்ர கதைக்கு வாறன். 42 தை மாசக் கடிதம், பாஸ்ட் பை சென்சர், அதாவது ஆமித் தணிக்கைக்காரன் வாசிச்சு விட்டது எண்ட முத்திரை குத்தினது. முதல் தாளில பிளேட்டால நேரா நீள்சதுரமா ஒரு துண்டு வெட்டி எடுத்திருக்கு. முன்பக்கத்தில ஊர்ப்பேர் ஏதோ எழுதிப்போட்டார் போல. தாளின்ர பின்பக்கத்தில அதே இடத்திலதான் "பொம்பிளைப்பிள்ளை எண்டால்" எண்டு தொடங்கி, ஓட்டை, பிறகு "எண்டு பேர் வை". ஒரு கடிதம் போய் மறுமொழி வர நாலு அஞ்சு மாசம், கேட்டுக்கொண்டிருக்க ஏலுமோ, அப்பம்மா தன்ர தாயின்ர பேரையே வைச்சிட்டா. அதுதான் பெரிய மாமி. அப்பப்பா 46ல வந்தாப் பிறகு கேட்டதுக்கு, வைச்ச பேர் நல்லாத்தானே இருக்கு எண்டு சிரிச்சுப்போட்டு விட்டிட்டாராம், சாகுமட்டும் சொல்லேல்லை. மாமியாரின்ர பேரை மாத்தச் சொல்ல எந்த மனுசனுக்குத் துணிவு வரும்! வெட்டினவன் தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவனாத்தான் இருக்க வேணும், எங்கட ஆளாக்கூட இருக்கலாம். அவனுக்கு என்னால நன்றி சொல்லேலாது.

இதைக் கண்டுபிடிச்சது மாஸ்ரரின்ர பேரன், கம்பஸில படிக்கிற பெடியன், இந்த மடலின்ர அரைவாசி நன்றி உனக்குத்தான் தம்பி. ரெண்டாவது தாளை வைச்சுத்தான் முதல் தாளை எழுதியிருப்பார், அழுத்தி எழுதுற ஆள், கீழ்த் தாளில தடம் இருக்கும் எண்டான். இரவு லைற் எல்லாம் நூத்துப்போட்டு, ரோச்சை மேசையோட படுக்கவைச்சுப் பக்கவாட்டில அடிச்சு, போனால படம் படமா எடுத்தான், நாப்பது அம்பது இருக்கும். எழுத்தில்லாத இடத்தில பள்ளமும் மேடுமாக் கோடு தெரிஞ்சுது. மாஸ்ரர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு போன் ஸ்கிரீனை மூக்கோட பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தார். கடைசி ரெண்டு எழுத்து "மணி". அதுக்கு முன்னால உள்ளதில அவரே பிறகு எழுதின வரி ஏறிப்போச்சு, என்ன செய்தும் வரேல்லை.

தவமணியோ, பூமணியோ, கண்மணியோ, ஞானமணியோ, அந்தக் காலத்தில வீட்டுக்கு ஒரு மணி இருந்ததுதானே. மாமியிட்டச் சொல்ல கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா, எண்பது தாண்டின மனுசி, அழப்போறா எண்டு நான் பயந்துபோனன். "பூமணி எண்டால் எனக்கு வேண்டாம், ஒழுங்கையில ஒரு பூமணி இருந்தவள், சரியான சண்டைக்காரி" எண்டா. இப்ப வாற போற ஆக்களிட்ட எல்லாம் இதையேதான் சொல்லுறா.

இன்னும் ஒரு ஆளுக்கு நன்றி சொல்ல வேணும், அவர் ஆர் எண்டு தெரியாது. அந்த ஆவணிக் கடிதத்தில, மல்லாகம் சந்தியில சைக்கிள் கடை வைச்சிருக்கிறவருக்கு ஏழு ரூபா குடுக்க இருக்கு, நான் வெளிக்கிடேக்க கேக்காமல் தந்தவர், புகையிலை வித்தவுடன குடு எண்டு இருக்கு. அடுத்த கடிதத்தில குடுத்தியோ எண்டு கேக்கிறார், அதுக்கடுத்ததிலயும் கேக்கிறார், பிறகு அந்தப் பேச்சே இல்லை. குடுத்ததோ இல்லையோ எண்டு மாமிக்கும் தெரியாது. அந்தக் குடும்பத்து ஆக்கள் எந்த நாட்டில இருந்தாலும் இதைப் பார்த்தால் ஒரு மெசேச் போடுங்கோ. மாமி ஏழு ரூபாவை ஒரு என்வலப்பில போட்டு சாமியறையில வைச்சிருக்கிறா, வட்டியைப் பற்றி நீங்கள் அவவோடதான் கதைக்க வேணும்.