அந்த அறையை முதலில் மாற்று

அன்பு மகளுக்கு,

ஹட்டன் குளிர் பழகிவிட்டதா? பள்ளிக்கூடத்தில் பாடத்தோடு சேர்த்து, பிள்ளைகளுக்கான வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன், போனில் சொன்னால் "சரி அம்மா" என்று வைத்துவிடுவாய்.

ஆலோசனை அறை அதிபரின் அறைக்குப் பக்கத்தில் என்றாய். சரிவராது. அந்த வாசலில் நிற்கிற பிள்ளை ஏதோ குற்றம் செய்திருக்கிறது என்றுதான் முழுப் பள்ளிக்கூடமும் நினைக்கும். குழப்படி செய்தவனை "போய் ரீச்சரிடம் ஆலோசனை எடு" என்று துரத்துகிற பழக்கம் இங்கே மட்டக்களப்பிலும் உண்டு, அப்படி ரெண்டு பேரை அனுப்பினால் போதும், உண்மையில் மனம் நொந்த பிள்ளை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. நூலகத்தில் ஒரு மூலை கேட்டுப் பார். புத்தகம் எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வந்த பிள்ளையைத் துருவாதே. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் வந்தவர் போனவரெல்லாம் "அலையைப் படமாகக் கீறு", "என்ன நடந்தது சொல்" என்று கேட்டதை நான் பார்த்தவள். அதற்கு முன்பே, 1996 இல், இங்கே போரில் நொந்த பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியபோது தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் களிமண், கதை, விளையாட்டு என்று விட்டார்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் பிள்ளை வாய் திறக்கும்.

வரவு இடாப்பைப் பார், அது நிறையச் சொல்லும். ஒரே கிழமை நாளில் வராத பிள்ளை இருந்தால் அன்று வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசி. எங்கள் ஊரில் நுண்கடன்காரன் தவணைக் காசு கேட்டு வரும் நாளில் தாய்மார் ஒளிய, வாசலில் பதில் சொல்ல நின்ற பிள்ளைகள் எத்தனை! தாய் மத்திய கிழக்கில், அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை அங்கேயும் இருக்கும்.

"யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. உயிருக்கு ஆபத்தென்றால், யாராவது துன்புறுத்தினால், சொல்லியே ஆகவேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. பிள்ளை சாக நினைக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வெறும் பயம். ஆம் என்றால் தனியே விடாதே, அன்றைக்கே வீட்டாரையும் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவையும் பிடி. போன் நம்பர் 1926 மனநல உதவிக்கு, 1929 சிறுவர் பாதுகாப்புக்கு, இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுது. வீட்டில் கோயிலில் நூல் கட்டவேண்டும் என்றால் கட்டட்டும், கிளினிக்கையும் விடவேண்டாம் என்று சொல்லு. சண்டை பிடிக்காதே.

அப்புறம், இதற்காக உனக்கு எத்தனை பாடவேளை குறைத்தார்கள்? ஒன்றும் இல்லையென்றால் அதிபரிடம் எழுத்தில் கேள். லீவுக்கு வரும்போது நேரசூசியைக் கொண்டு வா, இருந்து பார்ப்போம்.

அம்மா